குழம்புச் சட்டிக்குள் ஒரு கங்காணி

இன்று காலை தேங்காய்ச் சட்னியில் இறால் வாடை அடித்தது. முதல் விள்ளலை வாயில் வைத்ததுமே தெரிந்துவிட்டது. எழுந்து போய் மிக்ஸியின் சின்ன ஜாரை முகர்ந்து பார்த்தேன். உன் மீன் ஜார். இறாலும் கணவாயும் மட்டிச் சதையும் போட்டு மீன்களுக்குத் தீனி அரைக்க நீ தனியாக வைத்திருந்தது. சட்னி ஜார் பக்கத்திலேயே சும்மா உட்கார்ந்திருந்தது.

இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு. மாறிவிடக் கூடாது என்று மீன் ஜாரின் அடியில் உன் நெயில் பாலிஷால் சிவப்பாக ஒரு பொட்டு வைத்திருந்தாய். நீ போன பிறகு நான் தேய்த்த தேய்ப்பில் அந்தப் பொட்டு போயே போய்விட்டது. பாத்திரம் தேய்ப்பதில் நான் உன்னைவிடக் கெட்டிக்காரன் என்று நீயே ஒப்புக்கொண்டிருக்கிறாய். அந்தக் கெட்டிக்காரத்தனத்தால் வந்த வினை.

நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். “கண்ணு என்ன பொடணியிலயா இருக்கு?” சொல்ல ஆளில்லாததால் நானே சொல்லிக்கொண்டு, அந்தச் சட்னியையே தொட்டுக்கொண்டு எல்லாத் தோசைகளையும் சாப்பிட்டு முடித்தேன். அவ்வளவு மோசமில்லை. மீன்கள் இத்தனை காலமும் ஏன் குறை சொல்லாமல் சாப்பிட்டன என்று புரிந்தது.

ஜார் மாறியதற்குப் பொட்டு அழிந்தது பாதிக் காரணம்தான். நேற்றுச் சாயங்காலம் வீட்டில் ஒரு காரியம் நடந்தது. அந்த நினைப்பிலேயே காலையில் எழுந்ததால்தான் கை தவறியது. அதை உனக்குச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் சுற்றி வளைத்துத்தான் வருவேன். வாழ்நாளெல்லாம் கப்பல் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தவனிடம் நேரான பதில் கிடைக்காது என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தவள் நீதான்.

நம் மரைன் ஹில் வீட்டுக்குக் குடிவந்த புதிதில் கடல் பக்கத்து ஜன்னலை நீ திறக்க விட்டதில்லை. கச்சால் தீவில் உன் அப்பாவின் வீட்டையும் அப்பாவையும் அந்த டிசம்பர் அலை கொண்டுபோன பிறகு உனக்குக் கடலோடு பேச்சுவார்த்தை கிடையாது. இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து கச்சால் ரப்பர் தோட்டத்துக்கு வந்த குடும்பம். “தேயிலை எங்களை வெரட்டுச்சு, கடலு எங்களை முழுங்கிருச்சு” என்று ஒரே ஒரு தடவை சொன்னாய். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. நானும் ஜன்னலைத் திறக்கவில்லை. காற்று வராத வீட்டில் ஃபேன் போட்டுக்கொண்டு வியர்த்தோம்.

அப்படிப்பட்டவள் ஒருநாள் ஆராய்ச்சி நிலையத்தில் வண்ண மீன் வளர்க்கப் பயிற்சி தருகிறார்கள் என்று எதிர்வீட்டுத் தெலுங்கம்மாவோடு கிளம்பிப் போனாய். ஏன் போனாய் என்று கேட்டதற்கு, “சமோசா குடுப்பாங்களாம்” என்றாய். முதல் நாள் சமோசாவுக்காகத்தான் போயிருப்பாய் என்று இன்றைக்கும் நம்புகிறேன். இரண்டாம் நாளிலிருந்து உன் பேச்சே மாறிவிட்டது. பவளப் பாறை, கடல் சாமந்தி, அந்தச் சாமந்தியின் கொட்டுகிற இதழ்களுக்கு நடுவே பயமில்லாமல் குடியிருக்கும் ஆரஞ்சு நிற மீன். உடம்பில் மூன்று வெள்ளைப் பட்டை. கோமாளி மீன் என்று பெயர். “இதுல என்ன கோமாளித்தனத்தைக் கண்டானுங்க, எவ்வளவு ரோஷமா இருக்கு” என்று உனக்குக் கோபம்.

வகுப்பு முடிந்ததும் வீட்டின் பின்பக்க அறையில் கண்ணாடித் தொட்டிகள் வந்தன. தண்ணீர் வேண்டும். ஜன்னலைத் திறந்தால் துறைமுகம், அத்தனையும் கடல். ஒரு வாளியைக் கயிற்றில் கட்டி இறக்கினால் ஆயிற்று என்றேன்.

“அது உங்க கப்பலைக் கழுவுன தண்ணி. அதுல என் மீனைப் போட ஏலாது” என்றாய்.

ஏலாது. உன் ஊர்ச் சொல். ராமநாதபுரத்துக்காரனான எனக்குக் கல்யாணமான புதிதில் அதைக் கேட்டால் சிரிப்பு வரும். முடியாது என்று நாங்கள் சொன்னால் அதில் ஒரு பேரத்துக்கு இடமிருக்கும். நீ ஏலாது என்றால் அவ்வளவுதான், கதவு சாத்தியாயிற்று. ஆகவே சௌல்தாரியிலிருந்து அபர்டீன் பஜாருக்குக் காய்கறி கொண்டுவரும் பிஸ்வாஸின் பிக்கப்பில் நீல டிரம்கள் ஏறின. சௌல்தாரியைத் தாண்டிப் போய்ச் சுத்தமான கடலில் மொண்டு, புடலங்காய்க்கும் பாகற்காய்க்கும் நடுவில் வைத்துக் கொண்டுவருவான். வாசலில் நின்று, “பாபி, சமுந்தர் ஆ கயா” என்று குரல் கொடுப்பான், அண்ணி, கடல் வந்துவிட்டது என்று. கடலின் பக்கம் திரும்பியே பார்க்காதவள் வீட்டுக்குக் கடல் டிரம் கணக்கில் வந்து இறங்கியது. டிரம் மூடியைத் திறந்து முதலில் முகர்ந்து பார்ப்பாய். என்ன முகர்ந்தாய் என்று நான் கேட்டதில்லை. கொஞ்ச நாளில் ஜன்னலும் திறந்தது.

உன்னிடம் ஒரு கர்வம் உண்டு. அபர்டீன் பஜார் மீன் கடையில் செவுளைத் தூக்கிப் பார்த்தே சீலா மீனின் வயதைச் சொல்லிவிடுவாய். உன்னை ஏமாற்ற எந்த வியாபாரியாலும் முடியாது. அந்தக் கர்வத்தோடுதான் வளர்ப்புக்கு ஜோடி எடுக்க நிலையத்துக்குப் போனாய். ஜோடி சேர்ப்பது பற்றிச் சொல்லித் தந்த நாளில், லீவுக்கு வந்திருந்த நம் மகள் யமுனாவுக்குக் காய்ச்சல் என்று நீ வகுப்புக்குப் போகவில்லை. மீன் எடுக்கப் போன அன்றைக்கென்று பார்த்து, வகுப்பெடுத்த மேடமும் விடுப்பு. அங்கிருந்த ஆள் எது வேண்டுமோ காட்டுங்கள் என்றிருக்கிறான். நீ ஒரு தொட்டியில் இருந்ததிலேயே பெரியதைக் காட்டினாய், இன்னொரு தொட்டியில் இருந்ததிலேயே பெரியதையும் காட்டினாய். நாலு காசு கொடுத்து வாங்கும்போது யாராவது சின்னதாகப் பொறுக்குவார்களா?

இரண்டையும் தொட்டியில் விட்டதும் ஆரம்பித்தது. ஒன்றையொன்று வாயால் கவ்விக்கொண்டு சுழன்றன. புதுசு, பழகிவிடும் என்றாய். மத்தியானத்துக்குள் ஒன்றின் வால் கிழிந்து தொங்கியது. நான் ஆபீசிலிருந்து வந்தபோது காய்கறிக் கூடையைத் தொட்டியின் நடுவே கவிழ்த்து ஒன்றை அதற்குள் சிறை வைத்திருந்தாய். வெளியே இருந்தது கூடையையே முட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் மேடத்திடம் போனாய். மலையாளத்து அம்மாள், நம் தீவு ஹிந்தியில் பேசுகிறவள். பையிலிருந்த மீன்களைப் பார்த்துவிட்டுச் சிரித்தாளாம். “ஏக் கர் மே தோ சாஸ்?” ஒரே வீட்டில் இரண்டு மாமியாரா என்று. இரண்டும் பெண்.

அன்று சாயங்காலம் நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். நீ எதிரே பலகையைப் போட்டு உட்கார்ந்து பாடம் எடுத்தாய். இந்த மீனில் பிறக்கும்போது பெண்ணே கிடையாது. எல்லாம் ஆணாக வளரக் கூடியவைதான். ஒரு சாமந்தியில் குடியிருக்கும் கூட்டத்தில் எது பெரியதோ அது பெண்ணாகிவிடும். அதற்கு அடுத்த பெரியது புருஷன். மிச்சமெல்லாம் பொடிசுகள், அவை வளரக்கூட அனுமதி இல்லை, வளர்ந்தால் உதை. அந்தப் பெண் செத்துப்போனால் வேறு பெண் எங்கிருந்தும் வராது. புருஷன்தான் மெல்ல மெல்ல வளர்ந்து பெண்ணாக மாறும். பொடிசுகளில் பெரியது புதுப் புருஷனாகும். ஒருமுறை பெண்ணாகிவிட்டால் திரும்ப ஆணாக ஏலாது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு என்னையும் துருவியையும் ஒருமாதிரி பார்த்தாய். “நான் போனா நீங்கதான் நானா மாறணும். பாத்துக்கங்க.”

“அதுக்கு முதல்ல ஒரு பொடிப் பயலைக் கொண்டாந்து விடணுமே” என்றேன்.

நீ குடித்துக்கொண்டிருந்த டீ புரையேறிவிட்டது. தலையில் தட்டி விட்டேன். அன்றைக்கு நாம் சிரித்த சிரிப்புக்கு எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

வால் கிழிந்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சின்னதாக ஒன்றை வாங்கி வந்தாய். பெரியதற்குக் கங்காணி என்று பெயர் வைத்தாய். உன் தாத்தாவின் தலைமுறை தேயிலை மலையில் கண்டு நடுங்கிய மேஸ்திரியின் பெயர். எல்லோரையும் விரட்டி வேலை வாங்குகிறவர். சின்னதற்குப் பெயரே வைக்கவில்லை, அவரு என்று மட்டும் சொல்வாய். சென்னையில் படித்துக்கொண்டிருந்த யமுனாவிடம் போனில், “அவரு ரெண்டு நாளா சரியா சாப்பிடல, மூலையிலயே நிக்கிறாரு” என்று நீ சொல்ல, அவள் பயந்து என் நம்பருக்கு அடித்த கதை உனக்கு நினைவிருக்கும்.

அவர் முதல் நாளே தன் இடத்தைப் புரிந்துகொண்டார். கங்காணி பக்கத்தில் வந்தால் உடம்பைச் சாய்த்து, தலை முதல் வால் வரை படபடவென்று நடுங்குவார். நீ பெரியவள், நான் சின்னவன், அடிக்காதே என்று அர்த்தமாம். அந்த நடுக்கத்தைப் பார்த்ததும் கங்காணி விட்டுவிடும்.

“நீங்க ஒருநாளாவது என்னைப் பாத்து இப்படி நடுங்கியிருக்கீங்களா?”

“தினமும்தான். வெளியே தெரியாது.”

முட்டையிட ஓர் இடம் வேண்டும், மண் பாத்திரம் நல்லது என்று சொன்னார்கள். அப்போதுதான் நம் மீன் குழம்புச் சட்டி உடைந்தது. உடைத்தது நான்தான், தேய்ப்பின் வேகத்தில். பாதிச் சட்டியைப் பலமுறை வேகவைத்து, வெயிலில் காயவைத்து, கடல் தண்ணீரில் ஊறப்போட்டு, எண்ணெய்ப் படலம் மிதப்பது நிற்கும் வரைக்கும் திரும்பத் திரும்பச் செய்தாய். பிறகு அதைத் தொட்டிக்குள் சாய்த்து வைத்தாய். மீனைக் குழம்பாக்கிய சட்டியில் மீனே குடியேறியது. தெரிந்தால் உள்ளே போயிருக்குமா என்று கேட்டேன். வாயை மூடச் சொன்னாய்.

இரண்டும் சேர்ந்து சட்டியின் உட்புறத்தை வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்த ஒரு முற்பகலில் கங்காணி வயிறு உரச ஊர்ந்து ஊர்ந்து முட்டை வைத்தது. பின்னாலேயே அவர். வரிசை வரிசையாக, கேசரி நிறத்தில், அரிசியைவிடச் சின்னதாக. வைத்து முடித்ததும் கங்காணி தன் பாட்டுக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு வேலையெல்லாம் அவருக்குத்தான். செவுள் பக்கத்துத் துடுப்பால் இரவு பகல் விசிறிக்கொண்டே இருந்தார். இடையிடையே வாயால் ஒன்றிரண்டைக் கவ்வினார். தின்கிறான் பார் என்று நான் பதறினேன்.

“கெட்டதை எடுக்கிறாரு. அரிசியில கல்லு பொறுக்குறது இல்லையா? அதுமாதிரி. அவரை வெளிய எடுத்தா மொத்தமும் பூஞ்சை புடிச்சுப் போயிரும்.”

முட்டைகள் பழுப்பாகி, பிறகு ஒவ்வொன்றிலும் வெள்ளிக் கண்கள் தெரியத் தொடங்கின. கண் பளபளத்தால் அன்றைக்கு இருட்டியதும் குஞ்சு வெளியே வரும். இருட்டு இருந்தால்தான் வரும். இங்கேதான் உனக்கு ஒரு சிக்கல். விளக்கு வைக்கும் நேரத்தில் வீடு இருட்டாக இருக்கக் கூடாது என்று வளர்ந்தவள் நீ. அந்த நேரத்தில்தான் மீன் இருட்டைக் கேட்டது. நீ யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாய். வெயில் இருக்கும்போதே சாமிக்கு விளக்கேற்றிக் கும்பிட்டு, அலமாரிக் கதவைச் சாத்திவிடுவாய். பிறகு மொத்த வீட்டையும் அணைத்துவிட்டு உட்காருவோம். “சாமிக்குத் தெரியும்” என்பாய். தெரு முழுக்க விளக்கெரிய நம் வீடு மட்டும் இருண்டு கிடப்பதைப் பார்த்து எதிர்வீட்டுத் தெலுங்கம்மா முதல் தடவை கதவைத் தட்டினாள். “க்யா ஹுவா? லைட் கயா க்யா?” கரண்ட் போய்விட்டதா என்று கேட்டுப் போன் வெளிச்சத்தோடு வந்தவளை நீ வாசலிலேயே நிறுத்தி விரட்டினாய். பிறகு அவளும் பழகிவிட்டாள்.

அந்த இருட்டில் பேசாமல் உட்கார்ந்திருந்ததுதான் நம் வாழ்க்கையிலேயே நாம் சேர்ந்து அதிகம் சும்மா இருந்த நேரம். அது எனக்குப் பிடிக்கும். உனக்கும் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

குஞ்சுகளுக்குக் கண்ணுக்குத் தெரியாத பூச்சி தீனி, அந்தப் பூச்சிக்குப் பச்சைத் தண்ணீர் தீனி. பாசி வளர்த்த அந்தப் பச்சைத் தண்ணீர் ஜாடிகள் டியூப்லைட்டின் கீழ் வரிசையாக நிற்கும், வீட்டில் யாரோ ஷர்பத் கடை வைத்ததுபோல. வளர்ந்த மீன்கள் ஆக்ஸிஜன் பையில், தெர்மாகோல் பெட்டியில், விமானமேறி மெயின்லேண்டுக்குப் போயின. வருஷக்கணக்கில் இப்படியே போயிற்று. யமுனா கல்யாணமாகிச் சென்னையிலேயே தங்கிவிட்டாள். நான் ரிட்டையரானேன். ஊருக்குப் புதுப் பெயர் வந்தது, பஸ் கண்டக்டர் பழைய பெயரையே கூவிக்கொண்டிருந்தார்.

பிறகு உனக்கு வயிற்று வலி வந்தது. இங்கே பார்த்துவிட்டு மெயின்லேண்டுக்கு எழுதிக் கொடுத்தார்கள். சென்னையில் பார்த்துவிட்டு, முற்றிவிட்டது என்றார்கள். இதை நீளமாகச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை, உனக்கும் தெரிந்ததுதான். நீ கேட்டது ஒன்றே ஒன்று. வீட்டுக்குப் போகணும். யமுனா அழுதாள், அங்கேயே இருக்கச் சொன்னாள். “என்னால இங்க இருக்க ஏலாதும்மா” என்றாய். கதவு சாத்தியாயிற்று. திரும்பி வந்தோம்.

கடைசி நாட்களில் பின்பக்க அறையில்தான் உன் கட்டிலைப் போடச் சொன்னாய். தொட்டிகளில் காற்று ஏற்றும் மோட்டாரின் சத்தம் கேட்டுக்கொண்டே தூங்குவாய். எனக்குச் சொன்ன புத்தி, “பச்சைத் தண்ணிய மட்டும் விட்றாதீங்க.” வேறு பெரிய வார்த்தை எதுவும் நீ சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

நீ போன அன்று நான் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போட்டேன், டீக்குச் சொன்னேன், மெயின்லேண்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஃபிளைட் நேரம் விசாரித்தேன். கவுண்டரில் இருந்த மாதிரியே இருந்தேன். யமுனா எல்லாம் முடிந்ததும், “அப்பா, என்கூட வந்துருங்க. கீழ் வீட்ல ரூம் இருக்கு, படியேற வேண்டாம்” என்றாள். பார்க்கலாம் என்றேன். நல்ல பெண் அவள். மாதாமாதம் கேட்டாள். மாதாமாதம் பார்க்கலாம் என்றேன். நம் வீட்டில் எதையும் நான் தீர்மானித்ததில்லை என்பது உனக்குத் தெரியும். நான் வேண்டாம் என்பதற்குள் நீ முடித்திருப்பாய். திடீரென்று என்னிடம் வந்து போகிறாயா, இருக்கிறாயா என்று கேட்டால் நான் எங்கே போவேன்?

“என்னப்பா, கவுண்டர்ல பேசுற மாதிரியே பேசுறீங்க. கப்பல் ப்ரோகிராம் இன்னும் வரல, ப்ரோகிராம் இன்னும் வரலன்னு” என்றாள் ஒருநாள்.

மழை தொடங்கியபோது கங்காணி செத்துப்போனது. வயசுதான், வேறு காரணம் எதுவும் தெரியவில்லை. காலையில் சட்டிக்குப் பின்னால் பக்கவாட்டில் கிடந்தது. அவர் அதன் பக்கத்திலேயே துடுப்பால் விசிறிக்கொண்டு நின்றார். முட்டைக்கு விசிறுவாரே, அதேபோல. எதற்கு விசிறினார் என்று எனக்குத் தெரியாது, மீனுக்கு என்ன தெரியும் என்பார்கள். முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்து பின்பக்க அறையில் உட்கார்ந்தேன். அப்போதுதான் அழுதேன். நன்றாகச் சத்தம் போட்டே அழுதேன். மோட்டார் சத்தத்தில் வெளியே கேட்டிருக்காது.

யமுனாவிடம் சொன்னேன். அவள் உடனே வழி சொன்னாள். ஒன்று, இருப்பதை நிலையத்துக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்பி வாருங்கள். இல்லையென்றால் சென்னையில் ஒரு கடையில் பெரிய பெண் மீன் இருக்கிறது, வாங்கி அனுப்புகிறேன், ஜோடி ஆனதும் யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு வாருங்கள். இரண்டுக்கும் பார்க்கலாம் என்றேன். மழை முடியும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் தனியாகச் சட்டிக்குள் இருந்தார்.

ஒருநாள் தீனி போடும்போது அவர் என் விரலைக் கொத்தினார். அவர் அப்படிச் செய்ததே கிடையாது, அதெல்லாம் கங்காணியின் வேலை. எனக்கு உன் காய்கறிக் கூடை ஞாபகம் வந்தது. பெரிய பெண் மீன் வேண்டாம் என்று யமுனாவுக்குச் சொல்லிவிட்டு, அபர்டீன் பஜாரில் பஸ் ஏறி மேடத்தைப் பார்க்கப் போனேன். இன்னும் அங்கேதான் இருக்கிறாள், தலை வெளுத்திருக்கிறது. எவ்வளவு நாளாகத் தனியாக இருக்கிறது என்று கேட்டாள். மழை முழுக்க என்றேன்.

“தோ பஸ், சோட்டா லே ஜாவ்” என்றாள். அப்படியானால் சின்னதாக ஒன்றைக் கொண்டுபோ என்று. அது ஏற்கெனவே மாறத் தொடங்கியிருக்கும், இப்போது பெரியதைக் கொண்டுவிட்டால் ஒன்று மற்றதைக் கொன்றுவிடும் என்றாள். என் “பார்க்கலாம்” இத்தனை நாள் ஒரு உபகாரம் செய்திருக்கிறது பார். வேறு வம்சத்துச் சின்ன மீன் ஒன்றை மேடமே தேர்ந்து கொடுத்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வரும்போது, பொடிப் பயலைக் கொண்டுவரணுமே என்று நான் அன்றைக்குச் சொன்னது நினைவுக்கு வந்து தனியாகச் சிரித்தேன். பக்கத்து சீட்டுக்காரர் தள்ளி உட்கார்ந்தார்.

பொடியனை விட்டுவிட்டுத் தொட்டியின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அவர் சட்டியிலிருந்து வெளியே வந்தார். நேராகப் போய் அவன் முன்னால் நின்றார். பொடியன் உடம்பைச் சாய்த்தான். தலை முதல் வால் வரை படபடவென்று நடுங்கினான். வாழ்நாளெல்லாம் கங்காணி முன்னால் நடுங்கிக்கொண்டிருந்தவரைப் பார்த்து இன்னொருவன் நடுங்குகிறான். அவர் அவனை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சட்டிக்குத் திரும்பினார்.

அதன் பிறகு யமுனா கேட்கும்போதெல்லாம், இந்த மீன் விஷயம் தெரிந்ததும் சொல்கிறேன் என்றேன். ஒருநாள் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. “முட்டை போட்டா வருவீங்களா, போடாட்டி வருவீங்களா? அதையாவது சொல்லுங்கப்பா.” நியாயமான கேள்வி. எனக்கே தெரியவில்லை. அக்னி நட்சத்திரம் கழிந்ததும் வந்து அழைத்துப் போவதாகச் சொல்லிவிட்டாள்.

நான் தீனி அரைத்தேன், ஜாரைத் தேய்த்தேன், பிஸ்வாஸ் கொண்டுவந்த டிரம்மை முகர்ந்து பார்த்தேன். பச்சைத் தண்ணீரை விடவில்லை. அவர் பெருத்துக்கொண்டே வந்தார். அவர் என்று சொல்லலாமா என்று எனக்குக் குழப்பம், ஆனால் நாக்குப் பழகிவிட்டது. முதல் தடவை கொஞ்சம் முட்டை வந்தது, பொடியனுக்கு அனுபவம் போதாது, எல்லாவற்றையும் தின்றுவிட்டான். நான் யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் மட்டும், சமையலறையில் நின்று சொன்னேன். சமீபத்தில் மறுபடி சட்டியில் கேசரி நிறம் தெரிந்தது. இந்தத் தடவை பொடியன் விசிறினான். கல் பொறுக்கினான். நேற்றுக் காலை முட்டைகளில் கண் பளபளத்தது.

வெயில் இருக்கும்போதே சாமிக்கு விளக்கேற்றிக் கும்பிட்டு அலமாரிக் கதவைச் சாத்தினேன். எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுப் பின்பக்க அறையில் உட்கார்ந்தேன். எதிர்வீட்டுத் தெலுங்கம்மா தன் வாசல் லைட்டைத் தானாகவே அணைத்தாள். நான் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் யமுனா வீடியோவில் கூப்பிட்டாள். எடுக்காவிட்டால் பயப்படுவாள் என்று எடுத்தேன்.

“அப்பா. ஏன் இருட்டுல தனியா உக்காந்திருக்கீங்க?” குரல் உடைந்துவிட்டது. நான் இப்படித்தான் தினமும் உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பாள் பாவம்.

“ஒண்ணுமில்லம்மா. குஞ்சு வர்ற நேரம்.”

அவள் மெதுவாக, “கங்காணிதான் செத்துப் போச்சே?”

“இப்ப அவருதான் கங்காணி.”

அவள் மூக்கை உறிஞ்சினாள். சிரித்தாளா, அழுதாளா தெரியவில்லை. “அப்ப நான் டிக்கெட் போடட்டுமா, வேண்டாமா?”

பார்க்கலாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக அதைத்தான் சொல்ல வந்தேன்.

“நீ வந்து இருந்துட்டுப் போம்மா. அங்க வந்து இருக்க எனக்கு ஏலாது.”

எனக்கே தூக்கிவாரிப்போட்டது. “அம்மா மாதிரியே பேசுறீங்க” என்றாள். பிறகு அதட்டலாக, “போனை வைங்கப்பா முதல்ல. அந்த வெளிச்சம் படப்போகுது” என்றாள். அச்சு அசல் உன் குரல். வைத்துவிட்டேன்.

தெருச் சத்தமெல்லாம் அடங்கி, மோட்டார் சத்தம் மட்டும் இருந்தது. நன்றாக இருட்டிக் கொஞ்சம் பொறுத்து, நீ செய்வதுபோல் தொட்டியின் ஒரு மூலையில் சின்ன டார்ச்சைக் காட்டினேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு வெள்ளிக் கண்கள் ஒவ்வொன்றாக வெளிச்சத்தை நோக்கி வந்தன. உடம்பே தெரியவில்லை, கண் மட்டும்தான். ஒரு மூலை நிறையக் கண்கள். வந்துருச்சு என்று சத்தமாகச் சொன்னேன். பக்கத்தில் நீ இல்லை என்பது அப்போதுதான் பெரிதாகத் தெரிந்தது. இருந்தாலும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

இன்று காலை சட்னி கெட்ட கதை இதுதான்.

குஞ்சுகளுக்குத் தீனி வைத்துவிட்டேன். ஜார் இனிமேல் மாறக் கூடாது. உன் அலமாரியில் நெயில் பாலிஷ் புட்டியைத் தேடி எடுத்தேன், காய்ந்து கட்டியாகிவிட்டது. சாயங்காலம் அபர்டீன் பஜாருக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்க வேண்டும். என்ன நிறம் என்று கடைக்காரன் கேட்பான். முன்பெல்லாம் வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று திரும்பி வந்துவிடுவேன். இன்று நானே பார்த்து வாங்கிக்கொள்கிறேன்.